பொலிஸ் கையால் காயம் பட்டால் யாரிடம் போவது? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அண்ணா ஒருவருக்கு, பொலிஸ் கைது செய்தபோது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு ஆறு கிழமை வேலைக்குப் போகாமல் கிடந்தார். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து, வேறொரு படிவம் நிரப்ப என்னிடம் வந்த இடத்தில்தான் கதை வெளியே வந்தது. ஏன் அண்ணா முறையிடவில்லை என்று கேட்டேன். "பொலிசைப் பற்றிப் பொலிசிட்டையே போய்ச் சொல்லுறதோ? ஊரில பட்டது காணாதோ தம்பி?" என்றார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. சீருடையைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிப் போகும் பழக்கத்தோடு வந்தவர்கள் நாங்கள். ஆனால் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பொலிஸ் தலையீட்டில் ஒருவருடைய எலும்பு முறிந்தால், ஒன்ராறியோவில் அதை விசாரிப்பது பொலிஸ் அல்ல. அதற்கென்று வெளியே ஓர் அமைப்பு இருக்கிறது. அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டிய கடமை பொலிசுக்கே உண்டு.

நான் சட்டத்தரணி இல்லை. சமூக நிலையங்களில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்தும் கடிதம் வாசித்துச் சொல்லியும் வருகிறவன். கீழே இருப்பது சட்ட ஆலோசனை அல்ல, எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பதற்கான வழித்துணை.

எஸ்.ஐ.யூ. என்றால் யார்

முழுப்பெயர் விசேட விசாரணைப் பிரிவு. எல்லோரும் எஸ்.ஐ.யூ. என்றே சொல்வார்கள். அலுவலகம் மிசிசாகாவில் இருக்கிறது, அதிகாரம் மாகாணம் முழுவதற்கும் உண்டு. 1990இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் பொலிஸ் சுட்டாலும் பொலிசேதான் விசாரிக்கும். 1988 ஓகஸ்டில் ரொறன்ரோவில் லெஸ்டர் டொனால்ட்சன் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு டிசம்பரில் பீல் பிராந்தியத்தில் 17 வயது வேட் லோசன் சுடப்பட்டு இறந்தான். கறுப்பினச் சமூகம் தெருவில் இறங்கியது. மாகாண அரசு கிளெயர் லூயிஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1989இல் அந்தக் குழு சொன்ன யோசனைகளில் ஒன்றுதான் பொலிசுக்கு வெளியே இருக்கும் ஒரு விசாரணை அமைப்பு. இன்று எஸ்.ஐ.யூவை அழைக்கும் தமிழரும் அந்த ஊர்வலங்களுக்குக் கடன்பட்டவர்களே.

இப்போது நடைமுறையில் இருப்பது 2019ஆம் ஆண்டின் எஸ்.ஐ.யூ. சட்டம். 2020 டிசம்பர் 1 முதல் அமுலில் உள்ளது. இயக்குநராக வருகிறவர் பொலிஸ் அதிகாரியாக இருக்கவும் கூடாது, முன்னர் இருந்திருக்கவும் கூடாது. விசாரணையாளர்களுக்கு அந்தத் தடை அவ்வளவு இறுக்கமில்லை. பணியில் இருக்கும் பொலிசார் சேர முடியாது, ஓய்வு பெற்றவர்கள் சேரலாம். ஆனால் தாங்கள் முன்பு வேலை செய்த பொலிஸ் சேவையை விசாரிக்கக் கூடாது. 'பழைய பொலிஸ்காரர் புதுப் பொலிஸ்காரரை விசாரிக்கிறார்' என்ற முணுமுணுப்பு பல வருடமாக இருக்கிறது. எனக்கும் அதில் பாதி உடன்பாடு உண்டு.

எது அவர்கள் வேலை, எது இல்லை

நான்கு வகைச் சம்பவங்கள் மட்டும்தான். மரணம், கடுமையான காயம், ஓர் ஆளை நோக்கித் துப்பாக்கியால் சுட்டது, பாலியல் வன்முறை. இவற்றுக்கும் ஒரு பொலிஸ் அதிகாரியின் செயலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றால் எஸ்.ஐ.யூ. வரும். குறி தவறி ஒருவருக்கும் காயமில்லாமல் போனாலும், ஆளை நோக்கிச் சுட்டிருந்தால் அது அவர்கள் வேலைதான்.

சிக்கல் வருவது 'கடுமையான காயம்' என்ற சொல்லில். வலித்தது, நீலம் பாரித்தது, ஒரு கிழமை நித்திரை இல்லை என்பதெல்லாம் உண்மையாக இருந்தாலும் சட்டம் கேட்பது வேறு. காயத்துக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது மண்டையோடு, கை, கால், விலா, முள்ளந்தண்டு இவற்றில் எலும்பு முறிந்திருக்க வேண்டும். உடலின் பெரும்பகுதியில் தீக்காயம், உடலின் ஒரு பகுதியை இழத்தல், காயத்தால் பார்வையோ கேட்கும் திறனோ குறைதல் ஆகியவையும் அடங்கும். 'அனுமதி' என்பதைக் கவனியுங்கள். எமேர்ஜென்சியில் பத்து மணித்தியாலம் குந்தியிருந்து, தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அது அனுமதி அல்ல. கீழ்த்தளத்து அண்ணாவின் மணிக்கட்டு அன்றிரவே வீடு திரும்பியது, ஆனால் எலும்பு முறிந்ததால் அது கணக்கில் சேரும்.

அடித்துத்தான் காயம் வந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பொலிஸ் கார் துரத்தும்போது மோதியவர், பொலிஸ் கதவைத் தட்டியதும் பல்கனியிலிருந்து விழுந்தவர், காவலறையில் மயங்கியவர் எல்லோருடைய விஷயத்திலும் விசாரணை நடக்கலாம். உங்கள் சம்பவம் இதற்குள் அடங்குமா என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால் அழைத்துச் சொல்லுங்கள். அதைத் தீர்மானிப்பது அவர்கள் தொழில்.

அவமதித்துப் பேசியது, காரணமில்லாமல் மறித்தது, வேறு நாட்டுக்குப் போ என்றது, முறைப்பாட்டை எழுத மறுத்தது ஆகியவை எஸ்.ஐ.யூவுக்கு உரியவை அல்ல. அவற்றுக்கு வேறு கதவு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

நீங்களே அழையுங்கள்

சட்டப்படி சம்பவத்தை உடனே அறிவிக்க வேண்டியது அந்தப் பொலிஸ் சேவை. பெரும்பாலும் அறிவிக்கிறார்கள். அதற்காக 'அவர்கள் சொல்லியிருப்பார்கள்தானே' என்று கைகட்டி இருக்க வேண்டாம். ஏன் என்பதற்கு டஃபோன்டே மில்லரின் வழக்கு ஒன்றே போதும்.

2016 டிசம்பர் 28 அதிகாலை. ரொறன்ரோவுக்குக் கிழக்கே விற்பி நகரம். 19 வயது மில்லரை, அன்று பணியில் இல்லாத ரொறன்ரோ பொலிஸ்காரர் மைக்கல் தேரியோ தாக்கினார். மில்லரின் ஒரு கண் பறிபோனது. ஆனால் முதலில் குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணை இழந்த மில்லர்தான். அந்தக் குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. சம்பவ இடத்துக்கு வந்த டர்ஹம் பொலிஸும் எஸ்.ஐ.யூவுக்கு அறிவிக்கவில்லை, ரொறன்ரோ பொலிஸும் அறிவிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, 2017 ஏப்ரலில், மில்லரின் சட்டத்தரணி அழைத்த பிறகுதான் விசாரணை தொடங்கியது. 2020 ஜூனில் தேரியோ தாக்குதல் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, பின்னர் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த ஓர் அழைப்பு போகாமல் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திராது.

எஸ்.ஐ.யூவின் கட்டணமில்லாத இலக்கம் 1-800-787-8529. பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. மனைவி, அயலவர், வைத்தியசாலையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், சம்பவத்தைக் கண்ட கடைக்காரர் எவரும் அழைக்கலாம். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ், இன்ரப்பிரிட்டர் பிளீஸ்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு எங்கே, எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த நகரத்துப் பொலிஸ், என்ன காயம், எந்த வைத்தியசாலை என்ற ஆறு விவரமும் கையில் இருந்தால் போதும். அதிகாரியின் பெயரோ அடையாள இலக்கமோ தெரியாது என்பதற்காக அழைக்காமல் விட வேண்டாம். அன்றைக்கு அந்த இடத்துக்கு யார் போனார்கள் என்பது பொலிஸ் பதிவிலேயே இருக்கும்.

காலம் கடந்துவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். பழைய சம்பவங்களையும் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால், நாள் போகப் போகச் சாட்சியம் கரையும்.

முதல் இரண்டு நாள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

முதலில் வைத்தியர். வைத்தியரிடம் 'விழுந்துவிட்டேன்' என்று சொல்லாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஏன் வீண் பிரச்சினை என்று, குசினியில் வழுக்கினேன் என்பார்கள். வைத்தியர் அதையே எழுதுவார். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரி உங்களுக்கு எதிரே வந்து நிற்கும். யார், என்ன செய்ததால் காயம் வந்தது என்பதை நடந்தபடி சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். வைத்தியசாலையிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

காயத்தைப் படம் எடுங்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, நாலாம் நாள் ஒன்று. கண்டல் மூன்றாம் நாளில்தான் நன்றாகத் தெரியும். கிழிந்த சேட்டையும் இரத்தம் பட்ட காற்சட்டையையும் தோய்க்க வேண்டாம். காயவிட்டு, கடதாசிப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் போட்டால் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும்.

கமெராக்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பிளாசாவில் இருக்கும் கடை, பெற்றோல் நிலையம், கட்டடத்தின் லிப்ற், எதிர்வீட்டுக் கதவு மணி, போய்க்கொண்டிருந்த பஸ். கடைகளின் பதிவு சில நாளிலேயே தானாக அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். நீங்கள் போய் வாதாட வேண்டியதில்லை, எந்தக் கமெரா எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்று குறித்து எஸ்.ஐ.யூவிடம் கொடுங்கள். எடுப்பது அவர்கள் பாடு. அதிகாரிகள் உடலில் அணிந்திருந்த கமெராப் பதிவையும் அவர்களே பெறுவார்கள்.

நீங்களோ வேறு யாருமோ போனில் வீடியோ எடுத்திருந்தால் அதை வெட்டாமல், எழுத்துச் சேர்க்காமல், பாட்டுப் போடாமல் அப்படியே வையுங்கள். பொது இடத்தில் பொலிசைப் படம் பிடிப்பது கனடாவில் குற்றமல்ல, அவர்கள் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் தள்ளி நின்று எடுத்தால் சரி. 2013 ஜூலையில் ரொறன்ரோவின் டன்டாஸ் வீதியில், வெறுமையாகக் கிடந்த ஸ்ட்ரீட்காருக்குள் கத்தியோடு நின்ற 18 வயது சாமி யதீமை ஜேம்ஸ் ஃபோர்சிலோ என்ற பொலிஸ்காரர் சுட்டார். முதலில் மூன்று வெடி. சில நொடி இடைவெளி. பிறகு ஆறு. அந்த இடைவெளியை ஊருக்குக் காட்டியது தெருவில் நின்ற ஒருவருடைய போன். எஸ்.ஐ.யூ. அவர்மேல் கொலைக் குற்றம் சுமத்தியது. 2016 ஜனவரியில் ஜூரி, கொலையில் இருந்து விடுவித்து, பிந்திய ஆறு வெடிக்குக் கொலை முயற்சியில் குற்றவாளி என்றது. தண்டனை ஆறு வருடம்.

வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் போட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கண்டதை மட்டும் சொல்ல வேண்டிய சாட்சி, வீடியோவில் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அன்றைக்கு நல்ல நாள்.

கடைசியாக ஒரு கொப்பி. நடந்ததைத் தமிழில், உங்கள் பாணியில், நித்திரைக்குப் போகமுன் எழுதி வையுங்கள்.

வாக்குமூலம்

விசாரணையாளர் வந்து பேசுவார், பேச்சு ஒலிப்பதிவாகும். வைத்தியப் பதிவுகளைப் பெற ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார். காயம் சட்டம் சொல்லும் அளவுக்குக் கடுமையானதா என்று அந்தப் பதிவை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் பல கோப்புகள் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. அதே சம்பவத்தில் பொலிஸ் உங்கள்மேலும் குற்றம் சுமத்தியிருக்கிறதா? ஆம் என்றால், எஸ்.ஐ.யூவிடம் வாய் திறக்க முன் குற்றவியல் சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். நீங்கள் சொல்வது உங்கள் வழக்குக்குள்ளும் வந்து சேரலாம். நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும் அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களும் இதை இரு மடங்கு கவனத்தோடு செய்ய வேண்டும். இங்கே குற்றத்தீர்ப்பு ஒன்று குடிவரவுக் கோப்பையும் தொடும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் லீகல் எய்ட் ஒன்ராறியோவைக் கேளுங்கள். தெற்காசியர்களுக்கான சட்ட நிலையமான சால்கோவும் ரொறன்ரோவில் இருக்கிறது. சாட்சி சொல்லும்படி பொதுமக்கள் எவரையும் எஸ்.ஐ.யூ. கட்டாயப்படுத்த முடியாது. பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் என் தொழில் அனுபவத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்றால் எந்த ஊர்த் தமிழர் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்தவர் "பேந்துதான் விலங்கு போட்டவர்" என்பார். 'பேந்து' என்றால் 'பிறகு' என்று விளங்காதவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். அடித்தது விலங்கு போட முன்னரா, பிறகா? முழு வழக்குமே அந்த ஒரு சொல்லில் நிற்கக்கூடும். 'வெடி பட்டது' என்றால் எங்களுக்குத் துப்பாக்கிச் சூடு, வேறு ஊரில் வளர்ந்தவர் காதுக்கு அது பட்டாசு. விளங்கவில்லை என்று தோன்றினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திரும்பச் சொல்லுங்கள். அவமானம் ஒன்றுமில்லை.

தலையாட்ட வேண்டாம். ஒலிப்பதிவுக்குத் தலை தெரியாது. நாங்கள் ஆட்டும் தலை 'ஓம்' என்றா 'இல்லை' என்றா என்று நேரில் பார்த்தவருக்கே விளங்குவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மரியாதைக்காக 'இருக்கலாம்' என்று இழுத்தால், அது ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும்.

அந்த அதிகாரி பேசமாட்டார்

அதிகம் பேருக்குக் கோபம் வரும் இடம் இது. யாருடைய செயல் விசாரிக்கப்படுகிறதோ அந்த அதிகாரி எஸ்.ஐ.யூவிடம் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தன் குறிப்புப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டியதும் இல்லை. குற்றம் சாட்டப்படக்கூடிய எவருக்கும் இந்த நாட்டில் உள்ள மௌன உரிமைதான் அது. உங்களை நாளைக்குப் பிடித்தாலும் அதே உரிமை உங்களுக்கும் உண்டு. ஆனால் சம்பவத்தைக் கண்ட மற்ற அதிகாரிகள், அதாவது சாட்சி அதிகாரிகள், கட்டாயம் பேச வேண்டும், குறிப்புகளையும் ஒப்படைக்க வேண்டும். எஸ்.ஐ.யூ. தன் நேர்காணல்களை முடிக்கும்வரை சம்பவத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசவும் கூடாது.

அறிக்கையில் 'அதிகாரி நேர்காணலுக்கு மறுத்துவிட்டார்' என்ற வரியைப் பார்த்ததும் மூடிமறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். அடிக்கடி வரும் வரி அது.

காத்திருப்பு

விசாரணையை 120 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. சிக்கலான வழக்குகள் அதைத் தாண்டும். இடையில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் குடும்பத்துக்கும் உதவ எஸ்.ஐ.யூவுக்குள்ளேயே ஒரு பிரிவு இருக்கிறது. மன உளைச்சலுக்கு ஆதரவு, வேறு சேவைகளுக்கு வழிகாட்டல், விசாரணை எந்த நிலையில் நிற்கிறது என்ற தகவல் எல்லாம் அங்கே இலவசம். இழவு நடந்த வீடுகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் வீடுகளில் ஆண்கள் 'எனக்கென்ன' என்று சொல்லிக்கொண்டு இரவில் விழித்திருப்பார்கள்.

முடிவை வாசிப்பது

இயக்குநர் தன்னிடம் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இந்த அதிகாரி குற்றம் செய்தார் என்று நம்ப நியாயமான காரணங்கள் இருக்கின்றனவா? இருந்தால் குற்றம் சுமத்துவார், அதிகாரியின் பெயர் வெளியாகும், வழக்கை அரச சட்டத்தரணிகள் பொறுப்பெடுப்பார்கள். இல்லையென்றால் கோப்பு மூடப்பட்டு, பெயர்கள் நீக்கிய அறிக்கை எஸ்.ஐ.யூ. இணையத்தளத்தில் ஏறும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிகப் பெரும்பாலான கோப்புகள் குற்றச்சாட்டு இல்லாமலே முடிகின்றன. குற்றவியல் சட்டக்கோவையின் 25ஆம் பிரிவு, கடமையில் இருக்கும் அதிகாரி தேவையான அளவு பலத்தைப் பாவிக்க இடம் கொடுக்கிறது. எலும்பு முறிந்தது என்பதால் மட்டும் அது குற்றமாகாது. 'குற்றமில்லை' என்பதற்கு 'சரியாக நடந்தார்' என்று அர்த்தமும் இல்லை. முரட்டுத்தனம், அவசரம், மரியாதைக்கேடு எல்லாம் குற்றமாகாமலே பிழையாக இருக்க முடியும். இந்த வித்தியாசம் விளங்காமல் மனம் உடைந்து, மற்றக் கதவுகளையும் தட்டாமல் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

அறிக்கை என்ற ஒன்று கையில் கிடைப்பதே போராடிப் பெற்றது. முன்பு இயக்குநர் அரசுக்கு எழுதுவார், குடும்பத்துக்குச் சில பத்திகள் மட்டும் தெரியவரும். 2015இல் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட அன்ட்ரூ லோக்குவின் வழக்கில் அறிக்கையைக் காட்டு என்று கேட்டு, 2016 வசந்தத்தில் போராட்டக்காரர்கள் ரொறன்ரோ பொலிஸ் தலைமையகத்துக்கு முன்னே குளிரில் கூடாரம் போட்டு இருந்தார்கள். பிறகு நீதிபதி மைக்கல் டுலொக் பொலிஸ் மேற்பார்வை முறை முழுவதையும் ஆராய்ந்து, 2017இல் 129 பரிந்துரைகள் கொடுத்தார். அறிக்கைகள் வெளியாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

கோப்பு இலக்கத்தை வாசிக்கவும் பழகிக்கொள்ளுங்கள். நடுவில் மூன்று எழுத்து இருக்கும். முதல் எழுத்து 'டீ' (T) ரொறன்ரோ பொலிஸ், 'பீ' (P) மாகாணப் பொலிஸ், 'ஓ' (O) மற்ற நகரங்கள். அடுத்தது 'சீ' (C) என்றால் காவலில், 'வீ' (V) என்றால் வாகனம், 'எஃப்' (F) என்றால் துப்பாக்கி. கடைசி எழுத்து 'ஐ' (I) என்றால் காயம், 'டீ' (D) என்றால் மரணம். உங்கள் சம்பவத்தை ஒத்த பழைய அறிக்கைகளைத் தேட இது உதவும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை வைத்து இரண்டு மூன்றை வாசித்துப் பாருங்கள். இயக்குநர் எதை எடைபோடுகிறார் என்பது எந்த வழிகாட்டியையும் விட அங்கே தெளிவாகத் தெரியும்.

மற்றக் கதவுகளும் அவற்றின் பூட்டும்

ஒவ்வொரு கதவுக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. எஸ்.ஐ.யூ. முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் மற்றவை பூட்டிவிடும்.

நடத்தை பற்றிய முறைப்பாடு சட்ட அமுலாக்க முறைப்பாட்டு முகவரகத்துக்குப் போக வேண்டும். லெக்கா என்பார்கள். 2024 ஏப்ரல் 1 வரை வேறு பெயரில் இருந்தது, பழைய துண்டுப்பிரசுரம் கையில் இருந்தால் குழம்ப வேண்டாம். செலவில்லை. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுங்கள், பிந்தினால் ஏற்காமல் விட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கசப்பான விஷயம், முறைப்பாட்டை விசாரிக்கும் வேலை அதே பொலிஸ் சேவையிடமே திரும்பிப் போகலாம். அண்ணா கேட்ட கேள்வி இங்கே உயிரோடுதான் இருக்கிறது. இருந்தாலும் கொடுங்கள். அவருக்கு ஐந்து மாதம் போயிருந்ததால் எங்களுக்கு மிஞ்சியது நான்கு கிழமை. அந்த வாரமே படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, எஸ்.ஐ.யூவையும் அழைத்தோம்.

இனம், நிறம், மதம் காரணமாக நடந்தது என்றால் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. கெடு ஒரு வருடம். நட்டஈடு கேட்டு வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம், ஆனால் சட்டத்தரணியை முதல் மாதத்திலேயே பாருங்கள்.

பொலிஸ் காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை அதிகாரியின் பகிரங்க விசாரணை கட்டாயம் நடக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட ஜூரி, யார் குற்றவாளி என்று சொல்லாது. எப்படி இறந்தார், இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்லும். குடும்பத்தினர் அதில் ஒரு தரப்பாகக் கலந்துகொண்டு கேள்வி கேட்க விண்ணப்பிக்கலாம். வருடக் கணக்கில் இழுபடும், ஆனால் எல்லா அதிகாரிகளும் சத்தியம் செய்து பகிரங்கமாகப் பேசுவதைக் குடும்பம் கேட்கும் ஒரே இடம் பல வேளைகளில் அதுதான்.

எஸ்.ஐ.யூ. எட்டாத இடங்கள்

மத்திய பொலிசான ஆர்.சி.எம்.பி.யும் விமான நிலையத்தில் நிற்கும் எல்லைச் சேவை அதிகாரிகளும் மத்திய அரசின் ஆட்கள், அவர்களுக்கு மத்திய அரசின் முறைப்பாட்டு வழி தனியாக உண்டு. மாகாணச் சிறைக் காவலர் பற்றிய முறைப்பாடு மாகாணக் குறைகேள் அதிகாரியான ஒம்புட்ஸ்மனிடம் போகும். மோலில் நிற்கும் செக்கியூரிட்டி அடித்தால் அது சாதாரணத் தாக்குதல், பொலிசைத்தான் அழைக்க வேண்டும்.

மாகாணம் மாறினால் பெயரும் மாறும். மொன்றியலில் இருப்பவர்களுக்கு பெ.இ.ஐ., அது 2016இல் வேலை தொடங்கியது. அல்பேர்ட்டாவில் ஏசேர்ட், 2008இலிருந்து. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஐ.ஐ.ஓ., 2012இலிருந்து. கடைசியாகச் சொன்னது பிறந்த கதை எங்களுக்குக் கிட்டத்தில் நிற்பது. 2007 அக்டோபரில் போலந்திலிருந்து தாயிடம் வந்த ஒருவர், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் வான்கூவர் விமான நிலையத்துக்குள் பல மணித்தியாலம் அலைந்தார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. கடைசியில் ஆர்.சி.எம்.பி. வந்தது, டேசர் என்ற மின்துப்பாக்கியால் மின்சாரம் பாய்ச்சியது, அவர் இறந்தார். அங்கேயும் ஒரு பயணியின் கமெரா ஓடிக்கொண்டிருந்தது.